ஒரே வகையா, கலந்து கட்டியா, ஒரே பொருளா? மதிப்புரை எழுத நினைப்பவர் எப்படி வாசிக்கலாம்

"சித்தி, மதிப்புரை எழுதிப் பழகலாம்னு இருக்கேன். நாவல் மட்டும் படிச்சாப் போதுமா, இல்ல எல்லாத்தையும் கலந்து கட்டிப் படிக்கணுமா?"

கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள். அடுப்பில் பால் இருந்ததால் அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். கேள்வி மட்டும் மனசில் நின்றுவிட்டது. பொள்ளாச்சியில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஐந்து வருடமாக மாதம் இரண்டு மதிப்புரையாவது எழுதி வருகிறேன். இந்த ஐந்து வருடத்தில் நான்கு விதமாக வாசித்துப் பார்த்திருக்கிறேன். எது எனக்கு என்ன கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

முதலில் நேரக் கணக்கு. தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் எனக்கு மணிக்கு 50 பக்கம் ஓடும். வருடத்துக்கு 18,000 பக்கம் சொச்சம். 250 பக்கப் புத்தகம் என்றால் எழுபதுக்கு மேல் தேறும். ஆனால் மதிப்புரை எழுதுகிறவர் ஒரு புத்தகத்தை ஒரு தடவை படித்து மூடிவிட முடியாது. குறிப்பெடுக்க வேண்டும், சந்தேகமான இடங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும், எழுதவும் வேண்டும். அதனால் எழுபது என்பது முப்பத்தைந்தாகிவிடும். அந்த முப்பத்தைந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வருடம் நான் ஒரே வகையில் இறங்கினேன். சரித்திர நாவல். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்று அப்பா அடிக்கடி சொல்வார், அதையே பிடித்துக்கொண்டேன். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 2000 பக்கத்துக்கு மேல். என் வேகத்தில் அது மட்டுமே ஒன்றரை மாதம். பிறகு சாண்டில்யன், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் என்று போனேன்.

இந்த முறையில் கிடைக்கிற லாபம் பெரியது. நான்காவது ஐந்தாவது புத்தகத்திலேயே கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. அத்தியாயம் ஏன் சரியாகக் கதவு திறக்கும்போதோ நிழல் அசையும்போதோ முடிகிறது என்பதற்கு அதில் விடை இருக்கிறது. வாசகரை அடுத்த வாரம் வரைக்கும் காக்க வைக்க வேண்டும். இது புரிந்தபின் அந்த முடிச்சுகளைக் குறை என்றும் சொல்ல மாட்டோம், வாய் பிளந்து பாராட்டவும் மாட்டோம். எது தொடருக்காக வந்தது, எது கதைக்காக வந்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

அதைவிட முக்கியமான ஒன்று அந்த வருடம் நடந்தது. அந்த நாவலில் வரும் சோழ இளவரசர் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடி கல்வெட்டைத் தேடிப் போய்ப் படித்தேன். முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் எல்லாரையும் பெயர் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலம் வரைக்கும் பறிமுதல் ஆனதைச் சொல்கிறது. நாவலில் ரவிதாசன் ஆந்தை போலக் குரல் கொடுக்கும் மந்திரவாதி. கல்வெட்டில் அவருக்கு 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் இருக்கிறது, அதாவது அரசாங்கத்தில் உயர்ந்த பதவியில் இருந்த பிராமண அதிகாரி. ஒரே பெயர், இரண்டு மனிதர்கள். கல்கி எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் கொலையாளி யார் என்று கதையில் அடித்துச் சொல்லாமல் விட்டார் என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் என் முதல் உருப்படியான மதிப்புரை வந்தது. கவனியுங்கள், அது வந்தது நாவலுக்கு வெளியே போய் ஒரு கல்வெட்டைப் படித்ததால். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

நஷ்டம் எட்டாவது மாதம் தெரிந்தது. எழுதிய மதிப்புரைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் 'விறுவிறுப்பு' என்ற சொல் இருந்தது. ஒரே வகையை அளந்து அளந்து என் கையில் ஒரே ஒரு அளவுகோல்தான் மிஞ்சியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து வட்டத்தில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' பேசினோம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், ஒரு தெரு, குடங்கள். 'மெதுவாகப் போகிறது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை' என்று சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கோபப்படவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு அடிபம்புல நின்னு, முன்னால நிக்கிற குடத்தை எண்ணியிருக்கீங்களாம்மா? அதுதான் இந்தக் கதையில நடக்குது" என்றார். குதிரைக் குளம்படியைக் கேட்டுக்கேட்டுப் பழகிய காதுக்குக் குடத்தில் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் போயிருந்தது. புத்தகத்துக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு வீடு வரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் அதற்கு நேர்மாறாகக் கைக்கு வந்ததையெல்லாம் படித்தேன். கிளை நூலகத்தில் புதுவரவு அலமாரி, பழைய புத்தகக் கடை, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, தோழிகள் கொடுத்தது. துப்பறியும் கதை, கவிதை, அறிவியல், மொழிபெயர்ப்பு, பயணம், சமையல். சலிப்பு என்பதே இல்லை. வாசிப்பு ஒரு கடமை மாதிரி கனத்துப் போயிருக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் மதிப்புரை எழுத உட்காரும்போது இந்த முறை ரொம்பச் சோதிக்கும். ஏனென்றால் ஒவ்வொரு வகையும் தன்னை வேறு விதமாக அளக்கச் சொல்கிறது. துப்பறியும் கதை என்றால், துப்பறிபவருக்குத் தெரிந்த தடயம் எல்லாம் எனக்கும் முன்கூட்டியே காட்டப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரரைக் கொண்டு வந்து நிறுத்தினால் அது ஏமாற்று. தமிழில் இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்தில் ஆங்கில நாவல்களைத் தழுவி வந்தவை, சுஜாதாவின் கணேஷ், வசந்த், 1500க்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமார் என்று பெரிய வரிசை. இவற்றை 'பொழுதுபோக்கு' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவது மதிப்புரை ஆகாது. மாத நாவலுக்குப் பக்க அளவு முன்பே தீர்மானம். அந்தக் கட்டுக்குள் ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பதுதான் நியாயம். முடிவைச் சொல்லாமல் புத்தகம் நல்லதா என்று சொல்லப் பழகுவது எழுதுகிறவருக்கு நல்ல பயிற்சியும்கூட.

கவிதைக்கு நேரக் கணக்கே உதவாது. 80 பக்கத் தொகுப்பு 400 பக்க நாவலை விட அதிக நாள் எடுக்கும். சத்தமாக ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, வேறு மனநிலையில் இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் ஒரு வரி நிற்கிறது என்றால் அதைப் பற்றி எழுதலாம். மொழிபெயர்ப்பு என்றால் முதலில் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்கிறேன், பிறகு அது மூலமொழியிலிருந்து வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பார்க்கிறேன். பைரப்பாவின் 'பருவம்' நாவலைப் பாவண்ணன் கன்னடத்திலிருந்தே கொண்டு வந்தார். மலையாளத்திலிருந்து குளச்சல் மு. யூசுப் நேராகக் கொண்டு வருகிறார். அந்த நெருக்கம் வாக்கியத்தில் தெரியும். மொழிபெயர்த்தவர் பெயரே இல்லாமல் எழுதப்படும் மதிப்புரைகளைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

சமையல் புத்தகத்துக்கு என்ன அளவுகோல்? சமைத்துப் பார்ப்பது மட்டும்தான். பழைய புத்தகக் கடையில் கிடைத்த, அச்சில் இல்லாத ஒரு புத்தகத்தில் பருப்பு உருண்டைக் குழம்பு இருந்தது. அளவெல்லாம் ஆழாக்கு, பலம். பலம் என்றால் சுமார் 35 கிராம் என்று கணக்குப் போட்டு, துவரம்பருப்பை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, உருட்டிக் குழம்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் உருண்டை எல்லாம் கரைந்து குழம்பு கூட்டு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது நாளும் அப்படியே. மூன்றாவது நாள் பருப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைத்து, குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஒவ்வொன்றாகப் போட்டு, முதல் உருண்டை மேலே மிதந்து வந்தபிறகு அடுத்ததைப் போட்டேன். நின்றது. புத்தகம் இதைச் சொல்லவே இல்லை. எழுதிய அம்மாவுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். அவர் காலத்தில் படிக்கிறவர் பக்கத்தில் ஒரு மாமியாரோ பாட்டியோ நின்றிருப்பார். இன்றைக்குத் தனியாக அறை எடுத்துத் தங்கிச் சமைக்கிற பெண்ணுக்கு அந்தப் புத்தகம் பாதிதான் பயன்படும். மூன்று நாள் சமைத்ததால்தான் இதை என்னால் எழுத முடிந்தது. படித்துவிட்டு மட்டும் எழுதியிருந்தால் 'மணக்க மணக்க எழுதப்பட்ட நூல்' என்று முடித்திருப்பேன்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது கலந்து படித்த வருடம்தான். அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் வருடக் கடைசியில் திரும்பிப் பார்த்தபோது, எழுதிய இருபத்தெட்டு மதிப்புரைகளும் உதிரி உதிரியாகக் கிடந்தன. ஒன்றில் கற்றது அடுத்ததற்கு உதவவில்லை. நட்சத்திரம் போடுகிற பழக்கமும் அந்த வருடம்தான் விட்டது. ஒரு க்ரைம் நாவலுக்கு நாலு, ஒரு கவிதைத் தொகுப்புக்கு நாலு என்று போட்டேன், இரண்டு நாலும் ஒன்றா? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் ஒன்று என்றுதான் நினைப்பார்.

மூன்றாவது முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாதம் ஒரு வகை என்று அட்டவணை. ஜனவரி கவிதை, பிப்ரவரி தன்வரலாறு, மார்ச் அறிவியல் என்று. அட்டவணை இல்லாவிட்டால் நான் நாடகமும் அறிவியலும் பக்கமே போயிருக்க மாட்டேன், அது உண்மை. ஆனால் புத்தகம் அட்டவணைக்கு வராது. பிப்ரவரியில் எடுத்த உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 122 அத்தியாயம். 1940 முதல் 1942இல் அவர் இறக்கும்வரை ஆனந்த விகடனில் வந்து, முடியாமலே நின்றுபோன நூல் அது. ஓர் ஏட்டுச்சுவடிக்காக அவர் ஊர் ஊராக வண்டி கட்டிப் போவதைப் படிக்கும்போது, மாதம் முடிகிறதே என்று பக்கம் எண்ணுவது அந்த மனிதருக்குச் செய்கிற மரியாதை இல்லை. ஐந்து மாதத்தில் அட்டவணையை விட்டேன். தனக்குத் தானே கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இது பயன்படலாம். மாதத்தை விட இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, இப்போது நான் செய்வது நான்காவது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பல வகையில் படிப்பது. உடையார்குடி கல்வெட்டு காட்டிய வழிதான் இது, புரிய மூன்று வருடம் ஆயிற்று.

முதல் பொருள் தேயிலை. பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தினமும் குடிக்கிற, ஆனால் யோசிக்காத விஷயம். வால்பாறை எங்களுக்கு 65 கிலோமீட்டர்தான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' சிறுகதையில் ஆரம்பித்தேன். வாசவன்பட்டியிலிருந்து மருதி என்ற பெண் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் கதை. அடுத்து பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்த 'எரியும் பனிக்காடு'. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், பிறகு அங்கே தொழிற்சங்கம் கட்டியவர். அப்புறம் இலங்கை மலையகத் தமிழர்களின் நாட்டார் பாடல்கள். கடைசியாக வரலாறு, சட்டம், ஒப்பந்தங்கள். இரண்டரை மாதம் ஆனது.

நான்கையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒவ்வொரு வகையும் என்ன செய்யும், எதைச் செய்யாது என்பது பளிச்சென்று தெரிகிறது. சிறுகதை ஒரே ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. தோட்டத்தின் கணக்கு வழக்கு அதற்கு வேண்டாம், அவள் படுகிறது போதும். நாவலில் டேனியல் கணக்கைக் காட்டுகிறார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கையில் கொடுக்கும் முன்பணம் எப்படி வருடக்கணக்கில் தீராத கடனாகிறது, காய்ச்சல் ஒரு லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, அடுத்த லயத்துக்கு எப்படிப் போகிறது என்று. மருத்துவர் கண் அது. சில இடங்களில் பாத்திரங்கள் மனிதர்களாக இல்லாமல் நோயாளிக் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது, அதையும் எழுதினேன். ஆனால் அந்தக் கண் இல்லாவிட்டால் அந்தக் கடன் கணக்கும் காய்ச்சலும் நாவலுக்குள் வந்தே இருக்காது. இன்னொன்று, திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன மனிதர்களின் பேச்சு முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பல வருடம் கழித்துத் தமிழுக்கு வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு என்பதை விட வீடு திரும்பியது என்று சொல்லலாம். வழியில் எது தொலைந்தது, முருகவேள் எதை மீட்டார் என்று பார்ப்பது அந்த மதிப்புரையின் பெரிய பகுதியாயிற்று.

நாட்டார் பாடல் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. நாலே வரி. ஒரு மலையைக் கைகாட்டி, அண்ணனை இழந்த மலை அதோ தெரிகிறது பார் என்று ஒருவர் பாடுகிறார். அந்த மலையில் நட்டது தேயிலைக் கன்று இல்லை, கோப்பிக் கன்று. இலங்கையில் 1869இல் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு மாறின. அப்படியானால் அந்த ஒரே சொல் பாட்டின் நினைவைத் தேயிலைக்கு முந்தைய காலத்துக்குக் கொண்டுபோகிறது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து காட்டு வழியாக நடந்து போய் விழுந்தவர்களின் காலம். வரலாற்றுப் புத்தகத்தைப் படிக்காமல் பாட்டை மட்டும் படித்திருந்தால் 'கோப்பி' என் கண்ணில் பட்டிருக்காது. பாட்டைப் படிக்காமல் வரலாற்றை மட்டும் படித்திருந்தால் அண்ணன் இருந்திருக்க மாட்டார்.

எண்களும் அப்படித்தான். 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவர்களைப் பற்றி 1974இல் பேசி, ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இந்த வரியை ஒரு வரலாற்று நூலில் தனியாகப் படித்தால் நானும் கடந்து போயிருப்பேன். மருதியைப் படித்துவிட்டு வந்து இதைப் படித்தபோது, பிரிக்கப்பட்ட ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஒரு லயம், ஒரு கூடை, ஒரு அடுப்பு என்று தெரிந்து அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

மதிப்புரையின் முதல் வரைவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்பாறை பஸ் ஏறினேன். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலே ஒரு டீக்கடையில், தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இப்போது பறிக்கிறவர்கள் பை கட்டிய கத்தரியில் வெட்டுகிறார்கள், தன் காலத்தில் எல்லாம் விரல்தான் என்று கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் தோல் இன்னும் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அட்டையைப் பத்தி எழுதினியாம்மா?"

ரத்தம் உறிஞ்சுகிற அட்டை. என் வரைவில் அந்தச் சொல்லே இல்லை. கடன், காய்ச்சல், குடியுரிமை எல்லாம் இருந்தது. மழைக்காலத்தில் கால் முழுக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு இறங்குவதும், பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாகிவிடும் என்று ரத்தம் வழிய வழிய நடப்பதும் இல்லை. வீட்டுக்கு வந்து நாவலைத் திரும்ப எடுத்து அட்டைக்காக மட்டும் ஒரு தடவை படித்தேன். இரண்டாவது வரைவு அங்கிருந்துதான் தொடங்கியது.

இந்த முறையிலும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒரு பொருளுக்காகப் படிக்கும்போது புத்தகத்தை அந்தப் பொருளுக்குச் சாட்சியாக மட்டும் பார்க்கிற ஆபத்து இருக்கிறது. 'துன்பக்கேணி'யில் தேயிலையைத் தேடிக்கொண்டே போனால் புதுமைப்பித்தனின் வாக்கியம் தப்பிவிடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் தடவை பொருளை மறந்துவிட்டுப் படிப்பது, குறிப்பேடு மூடியே இருக்கும். இன்னொரு குறை, எல்லாப் பொருளுக்கும் எல்லா வகையும் கிடைக்காது. தேயிலைக்குப் பாட்டு இருந்தது. மின்சாரத்துக்கு நாட்டார் பாடல் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

எப்படி எழுதுவது என்பதிலும் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கிறது. தமிழில் இந்த விவாதம் பழையது. விமர்சகர் க.நா.சு. தேர்ந்த வாசகனின் ரசனையை நம்பியவர். நல்லது எது, அல்லாதது எது என்று பட்டியல் போட்டுத் தைரியமாகச் சொன்னார். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கியதிலிருந்து, கருத்து சொன்னால் போதாது, பிரதியை அலசிக் காட்ட வேண்டும் என்று நின்றார். நான் இதில் செல்லப்பா பக்கம், குறைந்தபட்சம் பழகுகிற காலத்தில். 'எனக்குப் பிடித்தது' என்று சொல்ல க.நா.சு. அளவுக்குப் படித்திருக்க வேண்டும், அவர் ஸ்வீடிஷ், நார்வே நாவல்களையே தமிழுக்குக் கொண்டு வந்தவர். அந்தப் படிப்பு வரும்வரை, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் நான் நின்றேன் என்று காட்டுவதுதான் படிக்கிறவருக்கு நான் கொடுக்கக்கூடிய நேர்மையான பொருள்.

அக்கா மகளுக்கு என்ன சொன்னேன்? அவள் இதுவரை படித்தது பெரும்பாலும் நாவல், அதிலும் தொடர்ந்து படிக்கிற பழக்கம் இன்னும் படியவில்லை. அதனால் முதல் மூன்று மாதம் கலந்து கட்டிப் படிக்கச் சொன்னேன், ஒரே நிபந்தனையோடு: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அந்த வகை கேட்கிற ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுத வேண்டும். சமையல் புத்தகம் என்றால் சமைக்க வேண்டும், குழந்தைப் புத்தகம் என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும், அறிவியல் என்றால் அறைத்தோழிக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் விளக்க வேண்டும். நான்காவது மாதத்திலிருந்து ஒரு பொருள். ஏற்கெனவே நிறையப் படித்தவர், ஒரு வகையில் ஊறியவர் என்னிடம் கேட்டால் கலந்து படிக்கிற கட்டத்தைத் தாண்டி நேராகப் பொருளுக்குப் போகச் சொல்வேன், அவருக்குத் தெரிந்த வகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். துப்பறியும் கதையிலேயே ஊறியவர் விரல்ரேகையை எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு வரலாறும் உண்டு, அறிவியலும் உண்டு, சட்டமும் உண்டு. ஆராய்ச்சி செய்கிறவருக்கு மட்டும் ஒரே வகை. பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு மாத அட்டவணை.

அவள் தேர்ந்தெடுத்த பொருள் உப்பு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களோடு பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்', ஆங்கிலேயர் உப்பு வரிக்காக வளர்த்த முள்வேலியைத் தேடிப்போன ராய் மாக்ஸமின் நூல் தமிழில் 'உப்பு வேலி' என்று சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பில், 1930 வேதாரண்யம் சத்தியாகிரகம், சங்கப் பாட்டில் வண்டி கட்டி உப்பு விற்றுப் போகும் உமணர் என்று அவளே பட்டியல் போட்டு அனுப்பினாள். 'கரிப்பு மணிகள்' என்னிடம் இருக்கிறது. 'உப்பு வேலி' எங்கள் கிளை நூலகத்தில் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. நூலகரிடம் பெயர் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.